பழைய காரில் மூன்று சுற்றுகள்



சென்ற இதழ் அச்சுக்குப் போன வாரத்தில், அவிநாசிபாளையத்திலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். குரல் சரியில்லை. இரவு பதினொரு மணிக்குக் காங்கயம் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டதாக அவள் மகனையும் அவன் நண்பர்கள் மூவரையும் காவலர்கள் நிறுத்தி, எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். "தாய்மாமன் என்று நீங்கள் ஒருவர் இருக்கிறீர்களே அண்ணா, ஊருக்கெல்லாம் பத்திரிகையில் புத்தி சொல்கிறீர்களே, இவனை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

அவிநாசிபாளையத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவையிலிருந்து பல்லடம், பொங்கலூர் வழியாகக் காங்கயத்துக்கும் அதற்கு அப்பால் திருச்சிக்கும் செல்லும் நெடுஞ்சாலையும், அவிநாசியிலிருந்து திருப்பூர் வழியாக வரும் சாலையும் கூடுகின்ற ஊர் அது. விடியற்காலையில் பனியன் கம்பெனி வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போகும். இரவில் லாரிகள் ஓயாது. நடுவே, கடைசி ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள். என் மருமகனுக்கு வயது இருபது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, நிட்டிங் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். உழைப்பாளி. சம்பளத்தில் பாதியைத் தாயிடம் தருகிறான், மீதியில் வண்டித் தவணை கட்டுகிறான்.

போனேன். அரை மணி நேரம் பேசினேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நூற்றுப்பத்துதானுங்க மாமா போனோம். அது ஒன்றும் பெரிய வேகம் இல்லை" என்றான். அறிவுரை எழுதிப் பிழைப்பவனின் அறிவுரைக்கு அவன் சொந்த வீட்டில் எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். பத்தில் ஏழு சாவுகளுக்கு மிகை வேகமே காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது. பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இவற்றையெல்லாம் நான் அவனுக்குச் சொன்னேன். எண்கள் எண்களாகவே அவன் காதைக் கடந்து போயின.

ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் அந்த யோசனை தோன்றியது. கோவையில் நான் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய நூற்பாலையின் முதலாளி மகன், பழைய கார்களைச் சேர்த்துப் பழுதுபார்த்து ஓட்டுகிறவர். ஓட்டுவது தெருவில் அல்ல, பந்தயத் தளத்தில். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணா. நீங்களும் வாருங்கள். வேடிக்கை பார்க்க வேண்டாம், ஓட்ட வாருங்கள்" என்றார். அறுபதைத் தாண்டிய என்னை ஓட்டச் சொன்னது விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தளம் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கிறது. 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர். 2003-இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். கரி என்பது எஸ். கரிவர்தன் என்பவரின் சுருக்கப் பெயர். நூற்பாலைத் தொழில் சார்ந்த கோவைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நம் பக்கத்து வாசகர்கள் பலர் அவரை அறியமாட்டார்கள் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் வளர்ந்தது சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில். இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட விமானத் தளம் அது. போர் முடிந்தபின் சும்மா கிடந்த ஓடுபாதையில் கார்களை ஓட விட்டார்கள். 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. வைக்கோல் கட்டுகளும் பழைய டயர்களும் எல்லையாக, வெயிலில் பெருங்கூட்டம் நின்று பார்க்கும். கோண்டல் மகாராஜா போன்றவர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். 1980-களில் விஜய் மல்லையா 'என்சைன்' என்னும் ஃபார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டினார். சாதாரணர்கள் தங்கள் ஃபியட் காரின் கதவையும் இருக்கையையும் கழற்றிவிட்டு வந்து நிற்பார்கள். 1990-இல் திருப்பெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தளம் அமைந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

இத்தகைய விளையாட்டு, மகாராஜாக்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் மட்டும் உரியதாக இருந்துவிடக் கூடாது என்று எண்ணியவர் கரிவர்தன். வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் சிறிய பந்தயக் காரில் பொருத்தினார். 1988-இல் 'ஃபார்முலா மாருதி' என்ற பெயரில் அது வந்தது. உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். அந்தக் காரில்தான் கோவைச் சிறுவன் ஒருவன் தன் முதல் பந்தயத்தை இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டி, முதல் மூவருள் ஒருவனாக வந்தான். அவன் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். டயர்ப் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். மகன் உயர்ந்ததைப் பார்க்கக் கரிவர்தனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1995-இல் சிறு விமானம் ஒன்றை ஓட்டிச் சென்றபோது அது விழுந்து இறந்தார்.

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் நானும் மருமகனும் கிளம்பினோம். வழியெல்லாம் அவன் பேசவில்லை. கிழவர்களின் பொம்மைக் காரைப் பார்க்க வீணாக ஒரு விடுமுறை நாள் போகிறதே என்ற எண்ணம் முகத்தில் எழுதியிருந்தது.

கார் நிழலில் நின்றது. எம்.ஜி. டி.சி. என்னும் வகை. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் மட்டுமே செய்தார்கள். எம்.ஜி. என்பது ஆக்ஸ்போர்டு நகரத்து 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். இன்று அதே பெயரில் நம் ஊர்களில் ஓடும் புதிய கார்கள் ஒரு சீன நிறுவனத்துக்கு உரியவை. பெயர் ஒன்றுதான் பழையது. இருவர் மட்டும் உட்காரலாம். சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் போலக் கம்பிகள் கொண்டவை. இரும்புச் சட்டத்தின் மேல் மரச் சட்டம் பொருத்தி, அதன்மேல் தகடு அடித்திருக்கிறார்கள். எஞ்சின் 1250 சி.சி., சக்தி 54 குதிரை. இன்றைய சாதாரணக் குடும்பக் கார் இதைவிடச் சக்தி உடையது. நீலகிரித் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் விட்டுச்சென்ற காரை இவருடைய தந்தை வாங்கினாராம். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை வகுத்தது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், அன்றாட ஓட்டத்துக்கு ஆகாது.

இந்தக் கார்களை உருவாக்கிய செசில் கிம்பர் என்பவர் வேகத்தையே வாழ்வாகக் கொண்டவர். 1945-இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பிய ரயில், ஏற்றத்தில் ஏற முடியாமல் மெதுவாகப் பின்னோக்கி உருண்டு தடம் புரண்டதில், அதில் பயணம் செய்துகொண்டிருந்த அவர் உயிர் போனது. காரின் உரிமையாளர் இதை என்னிடம் சொல்லிவிட்டு ஒரு தலைக்கவசத்தையும் நீட்டினார். என் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

அன்று நடந்ததைப் பந்தயம் என்று சொல்லவும் கூசுகிறது. முறையான போட்டிக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். இது நண்பர்களின் நான்கு பழைய கார்கள் கடிகாரத்தோடு போட்டியிட்ட ஓட்டம்தான். ஆனால் கொடிகள் உண்டு. மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, யாரும் முந்தக் கூடாது. நீலக் கொடி, உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார் என்பது. சிவப்பு, ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஆம்புலன்ஸ் ஒன்று எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதைப் பார்த்ததும் என் வயிற்றில் ஏதோ புரண்டது. என் மனைவிக்கு நான் ஓட்டப்போவது தெரியாது. அன்று இரவுதான் சொன்னேன், அது வேறு கதை.

முதலில் நான் ஏறினேன். ஸ்டியரிங் சக்கரம் மார்பை ஒட்டி நின்றது. அந்தக் காலத்தில் இத்தகைய கார்களுக்கு இருக்கைப் பட்டை கிடையாது. இவர் பட்டையும், முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு வளையமும் பொருத்தியிருந்தார். குனிந்து என் காதருகே சொன்னார்: "பிரேக்கை வளைவுக்கு முன்னால், வண்டி நேராக ஓடும்போதே போட்டுவிடுங்கள். வளைவுக்குள் போய்ப் பிரேக்கைத் தொடாதீர்கள். தொட்டால் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு முன்னே வந்துவிடும்." அதற்குக் காரணமும் சொன்னார். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னே சாய்கிறது, பின் டயர்களின் பிடி தளர்கிறது. நேரே ஓடினால் அது தெரியாது. திரும்பும்போது அது போதும், பின்பக்கம் விசிறி அடித்துவிடும்.

கியர்ப் பெட்டி தேய்ந்தது. கீழ் கியருக்கு மாற்ற கிளட்சை ஒரு முறை மிதித்தால் போதாது. மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை உயர்த்தி, மறுபடி கிளட்சை மிதித்துப் பிறகுதான் கியர் போட வேண்டும். பொறுமை இழந்தால் பல்லோடு பல் அரைக்கும் சத்தம் தளம் முழுவதும் கேட்கும். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். மில்லின் பழைய வண்டியில் டிரைவர் அண்ணன் ஒருவர் என் பின்மண்டையில் தட்டித் தட்டிக் கற்றுக்கொடுத்தது. நாற்பது ஆண்டு கழித்துக் கால் மறக்கவில்லை.

கொடி விழுந்தது. மற்ற மூன்று கார்களும் முதல் வளைவுக்கு முன்பே என்னைக் கடந்து போய்விட்டன. காற்று முகத்தில் அறைந்தது. சூடான எண்ணெய் வாடையும் பெட்ரோல் வாடையும் மூக்கை நிறைத்தன. இடுப்புக்குக் கீழே தரை பாய்ந்து ஓடுவதுபோல் தெரிந்தது. நூறைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்து முள்ளைப் பார்த்தேன், எழுபதுக்குக் கீழே நின்றது! மூடிய காரில் எண்பதில் போகும்போது நான் பின் இருக்கையில் தூங்கியிருக்கிறேன். இங்கே எழுபதில் என் பற்கள் கிட்டிப்போயின. முதல் வளைவில் பயந்து மிக முன்பே பிரேக் போட்டு, கார் ஏறக்குறைய நின்றேவிட்டது. இரண்டாம் சுற்றில்தான் புரிந்தது: வேகம் எங்கே வேண்டும் என்பதைவிட, எங்கே அதை விட வேண்டும் என்பதிலேயே மனம் முழுவதும் போகிறது. அடுத்த வளைவு வருவதற்கு முன்பே கண் அதைத் தேடுகிறது. வேறு எந்த நினைவுக்கும் இடம் இல்லை. மூன்றாம் சுற்றில் நீலக் கொடி இருமுறை எனக்காகவே அசைந்தது. மூன்று சுற்றுகளுக்கும் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாருக்கும் கடைசி. இறங்கியபோது முழங்கால்கள் தனித்தனியே ஆடின. ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும் வாசகர்களே, இன்னொரு சுற்று கிடைக்குமா என்று கேட்க நா எழுந்தது.

பிறகு மருமகன் ஏறினான். கியர் மாற்றும் முறையை நான் சொல்லத் தொடங்கியபோது, "தெரியுங்க மாமா" என்றான். கிளம்பியதுமே பல்லரைக்கும் சத்தம். ஆனாலும் முதல் சுற்றை என்னைவிட வெகு வேகமாக முடித்தான். கூடாரத்தின் ஓரம் நின்ற உரிமையாளர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை, டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில், நீண்ட நேர்ப்பாதைக்குப் பின் வரும் வளைவில் வேகம் மிகுந்துபோனது அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை மிதித்துவிட்டான்.

கார் ஒரு முறை முழுதாகச் சுழன்றது, பிறகு பாதி. புழுதி எழுந்தது. அடங்கியபோது, வந்த திசையை நோக்கியபடி தளத்துக்கு வெளியே மண்ணில் நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. நான் ஓடத் தொடங்கினேன், என்னை ஒருவர் பிடித்து நிறுத்தினார். தளத்தின் ஓரத்தில் இருந்தவர் அதற்குள் மஞ்சள் கொடியை அசைத்துவிட்டார். பின்னால் வந்த இரு கார்களும் வேகத்தைக் குறைத்து, விலகிச் சென்றன. என் தங்கையின் முகம் ஒரு கணம் என் கண்முன் வந்து நின்றது. அந்தக் கணத்தை நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். தள்ளிவிட்டார்கள். மீதிச் சுற்றை என்னைவிட மெதுவாக ஓட்டி வந்தான். உரிமையாளர் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, "தம்பி, உனக்குப் பின்னால் வந்தவர் கொடியைப் பார்த்து ஒதுங்கினார். காங்கயம் ரோட்டில் உனக்காகக் கொடி பிடிக்க யார் நிற்கிறார்கள்? எதிரே லாரி வராது என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. நான் அரை மணி நேரம் பேசியதில் இல்லாத ஏதோ ஒன்று அந்த இரண்டு கேள்விகளில் இருந்தது. அல்லது அந்தப் புழுதியில் இருந்ததோ, தெரியாது.

சிறிது நேரம் கழித்து எஞ்சின் கோளாறாக ஓடியது. இந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, 'உஸ்' என்னும் ஓசையை ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள். உரிமையாளர் முயன்றுகொண்டிருந்தபோது, குழாய் இல்லாமலேயே, "பின்னது அதிகமாக இழுக்கிறதுங்க" என்றான் மருமகன். வைத்துப் பார்த்தால், சரியாக இருந்தது! நாளெல்லாம் நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, எந்த ஊசி ஒடிந்தது என்று ஓசையைக் கொண்டே கண்டுபிடிக்கிறவனின் காது அது. அன்று மாலை வரை அவன் காரின் முன்மூடிக்குள் குனிந்தபடியே இருந்தான். மாதம் இரண்டு ஞாயிறு வந்து உதவ முடியுமா என்று அவர் கேட்டபோது, சம்மதத்துக்கு என் முகத்தைப் பார்த்தான்.

தங்கையிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன், சுழன்றதையும் மறைக்காமல். மறைத்திருக்கலாம் என்று வழியில் தோன்றியது உண்மை. அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கேயும் வேகம்தானே அண்ணா? அங்கே சாவு வராதா?" என்றாள். வரும். 1955-இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து, பார்த்துக்கொண்டிருந்தவர்களே எண்பதுக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் தளங்களில் தடுப்புகளும் விதிகளும் இறுகின. தளத்தில் ஆபத்தே இல்லை என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடி பிடிக்க ஆள் உண்டு, எதிரே வண்டி வராது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும், குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் தாய் எவளும் அங்கே குறுக்கே வரமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். பணச்செலவையும் சொன்னேன். பந்தயம் ஓட்டுவது பனியன் கம்பெனிச் சம்பளத்துக்கு எட்டாத காரியம். காருக்குள் குனிந்து வேலை செய்வது எட்டும்.

இப்போது அவன் மாதம் இரண்டு ஞாயிறு கோவைக்குப் போகிறான். சட்டையில் கிரீஸ் போகவே மாட்டேனென்கிறது என்று தங்கை குறைப்படுகிறாள். மோட்டார் சைக்கிள் இருக்கிறது, தவணையும் இருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து பத்து நிமிடம் தாமதமானால், அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.

அவனுடைய மூன்று நண்பர்களும் காங்கயம் சாலையை இன்னும் விடவில்லை. சென்ற வாரம் அவர்களுள் ஒருவனின் தந்தை, பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர், என் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார். தன் மகனையும் அங்கே ஒரு முறை ஏற்றிவிட முடியுமா என்கிறார். கார் ஒன்று, அதுவும் எழுபத்தைந்து வயதைக் கடந்தது. உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை அவர் பதில் சொல்லவில்லை.